நடுவழியில் நின்ற வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சாலையில் கார் பழுதாகி நின்றபோது முன்பின் அறியாதவர்களிடமிருந்து கிடைத்த உதவியைப் பற்றியும், அந்த உதவியை ஒட்டி எழுந்த ஐயங்களைப் பற்றியும் வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பெயர்களைத் தவிர்த்து, ஊர்ப் பகுதியை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: என் தாயாரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு மேல், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அமைந்தகரை அருகே காரின் பின்சக்கரம் பஞ்சரானது. ஸ்டெப்னி இருந்தது, ஆனால் மாற்றத் தெரியாது. உணவு கொண்டு செல்லும் இளைஞர் ஒருவர் தாமாகவே பைக்கை நிறுத்திச் சக்கரத்தை மாற்றிக் கொடுத்தார். இடையில் அவருடைய கைப்பேசி ஒலித்துக்கொண்டே இருந்தது. ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். “வேணாம்கா, அம்மாவ பத்திரமா கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வற்புறுத்திக் கொடுத்திருக்க வேண்டுமா? பெயரும் தெரியாத அவரைச் சமூக வலைத்தளத்தில் எழுதித் தேடலாமா?
– வாசகி, அயனாவரம்

பதில்: வற்புறுத்தாமல் விட்டதே சரி. ஒருமுறை கொடுக்க முன்வருவது மரியாதை. மறுத்த பிறகும் சட்டைப்பையில் திணித்தால், அவர் தம் விருப்பத்தால் செய்ததை நாம் கூலி வேலையாக மாற்றிவிடுகிறோம். மருத்துவமனையிலிருந்து திரும்பும் ஒரு தாயைப் பார்த்து வண்டியை நிறுத்தியவர், அதற்கு விலை வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வதும் நன்றி செலுத்துவதில் சேர்ந்ததுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதப்பட்டிருக்கும் ஒரு வரிதான் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. அவருடைய கைப்பேசி ஒலித்துக்கொண்டே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அழைப்பு, உணவுக்காகக் காத்திருந்தவருடையதாக இருந்திருக்கலாம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கொண்டு சேர்க்கும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும்தான் வருமானம். தாமதமானால் வாடிக்கையாளரின் குறை, குறைந்த மதிப்பெண், கைநழுவும் அடுத்த ஆர்டர் என்று இழப்பு ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடும். ஆகவே அவர் உங்களுக்குத் தந்தது ஓய்வு நேரம் அன்று, சம்பாதிக்கும் நேரம். எனக்கு வந்த கடிதங்களில் வண்டியை நிறுத்தி உதவியவர்களாக வருவோரைப் பாருங்கள்: ஆட்டோ ஓட்டுநர், பஞ்சர் கடைக்காரர், தண்ணீர் லாரி ஓட்டுநர், பொருள் கொண்டு செல்லும் இளைஞர். நேரத்தை விற்றுப் பிழைப்பவர்களே அதிகம். எரிபொருள் தீர்ந்த ஆட்டோவை இன்னொரு ஆட்டோக்காரர் பின்னாலிருந்து காலால் உந்தியபடியே பங்க் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் காட்சியைச் சென்னைச் சாலைகளில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாள் முழுவதும் சாலையிலேயே வாழ்பவர்களுக்கு, நடுத்தெருவில் வண்டி நின்றுபோவது எப்படிப்பட்ட தவிப்பு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவரிடம் பணத்தைவிடப் பயனுள்ள ஓர் உதவியை அந்த இடத்திலேயே செய்ய முடியும். “தம்பி, யாருக்கு எடுத்துட்டுப் போறீங்க? போன் போட்டுக் குடுங்க, நான் பேசறேன்” என்று கேட்டு, காத்திருக்கும் வாடிக்கையாளரிடம் நீங்களே நடந்ததைச் சொல்லலாம். ஒரு பெண்மணி, உடல்நலமில்லாத தாயோடு சாலையில் நின்றேன், எனக்கு உதவியதால்தான் தாமதம் என்று சொன்னால், கோபத்தில் குறைந்த மதிப்பெண் போடவிருந்தவரும் பெரும்பாலும் மனம் மாறுவார். அவர் வேலை செய்யும்போது கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் வண்டிகளைக் கவனித்து எச்சரிக்கலாம். முடிந்ததும் கை கழுவத் தண்ணீரும், துடைத்துக்கொள்ள ஒரு துணியும் கொடுக்கலாம். கிரீஸ் படிந்த கையோடு அடுத்த வீட்டு வாசலில் சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்ட வேண்டிய நிலை அவருக்கு வரக்கூடாது அல்லவா?

சமூக வலைத்தளத்தில் தேடுவது வேண்டாம். பெயர் சொல்லாமல் போனவரை ஊரறியச் செய்வது அவருக்கு நன்மையாகவே முடியும் என்று நாம் எண்ணிக்கொள்ள முடியாது. வேலை நேரத்தில் வழியில் நின்றதை அவருடைய நிறுவனம் எப்படிப் பார்க்கும் என்பது நமக்குத் தெரியாது. அனுமதி கேட்காமல் படம் எடுத்துப் போடுவதைவிட, அவர் விட்டுச் சென்றபடியே இருக்க விடுவது நல்லது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டு வாசலிலேயே சக்கரம் மாற்றிப் பழகுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு ஒரு கல்லை அணை கொடுக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் சக்கரம் சுழலும், ஜாக்கியும் நழுவக்கூடும். ஜாக்கியைக் கையேடு காட்டும் இடத்தில் மட்டுமே பொருத்த வேண்டும். புதிய சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் முறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு எதிரெதிராக உள்ள நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஸ்டெப்னி மற்றச் சக்கரங்களைவிட மெல்லியதாக இருந்தால், அதில் அச்சிட்டிருக்கும் வேக வரம்பை, பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ., மீறாமல் வீடு வந்து சேர்ந்து மறுநாளே பஞ்சர் ஒட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை காற்றுப் பிடிக்கும்போது ஸ்டெப்னிக்கும் பிடிக்கச் சொல்லுங்கள். உதவ வந்தவர் ஸ்டெப்னியைக் கீழே இறக்கிப் பார்க்கும்போது அதிலும் காற்று இல்லை என்றால், அவருடைய நேரமும் வீணாகும்.

கேள்வி: வடபழனி அருகே கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, தாம் மெக்கானிக் என்று சொல்லி, பானெட்டைத் திறந்து பத்தே நிமிடத்தில் சரிசெய்தார். பேட்டரியின் முனை தளர்ந்திருந்ததாம். நான் நன்றி சொன்னதும், “முந்நூறு ரூபா குடுங்க சார்” என்றார். கொடுத்துவிட்டேன். ஆனாலும் அதுவரை இருந்த நெகிழ்ச்சி போய்விட்டது. இதை உதவி என்று சொல்ல முடியுமா?
– வாசகர், சாலிகிராமம்

பதில்: முடியும் என்றே உறுதியாகச் சொல்வேன். அவர் நிறுத்தாமல் போயிருந்தால் நீங்கள் ஒரு மெக்கானிக்கைத் தேடி, வரவழைத்து, காத்திருந்து, வந்ததற்கும் பார்த்ததற்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருப்பீர்கள். அவர் நிறுத்தியது இரக்கம். கேட்டது தொழிலுக்கான ஊதியம். இரண்டும் ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம். மருத்துவர் நள்ளிரவில் எழுந்து வந்து பார்த்துவிட்டுக் கட்டணம் வாங்கினால் அவருடைய அக்கறையை நாம் ஐயப்படுவதில்லை. கையில் ஸ்பேனர் வைத்திருப்பவரிடம் மட்டும் இலவசத்தை எதிர்பார்ப்பது நியாயம் அன்று.

பத்து நிமிட வேலைக்கு முந்நூறா என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. செல்ஃப் எடுக்காத வண்டிக்குக் காரணங்கள் பல: பேட்டரி இறங்கியிருக்கலாம், ஸ்டார்ட்டர் மோட்டார் பழுதாகியிருக்கலாம், ரிலேயோ ஃப்யூஸோ போயிருக்கலாம், முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த படிவு மின்னோட்டத்தைத் தடுத்திருக்கலாம். இவற்றில் எது என்று உடனே கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் கை பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்குத்தான் பணம் கொடுத்தீர்கள். நேர்மையற்ற ஒருவராக இருந்திருந்தால், பேட்டரியே போய்விட்டது என்று சொல்லி ஆயிரக்கணக்கில் செலவு வைத்திருக்க முடியும். அவர் தளர்ந்த முனையைத் தளர்ந்த முனை என்றே சொல்லியிருக்கிறார். அந்தத் தெருப்பக்கம் அவருடைய கடை இருந்தால், அடுத்த சர்வீஸுக்கு அவரிடமே வண்டியை விடுங்கள்.

கேள்வி: சென்ற மழைக்காலத்தில் ஒரு சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் என் கார் நின்றுவிட்டது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நான்கைந்து பேர் இடுப்பளவு நீரில் இறங்கித் தள்ளி மேலே கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர், “அங்கிள், சாவியத் தொடாதீங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று கண்டிப்பாகச் சொன்னார். பயந்துபோய் அப்படியே விட்டு, டோ வண்டியை வரவழைத்தேன். வீட்டில் உள்ளவர்கள், ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தால் டோ வண்டிச் செலவு மிச்சமாகியிருக்கும் என்கிறார்கள். அந்தப் பையன் சொன்னது சரியா?
– வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: முற்றிலும் சரி. தள்ளிவிட்ட நான்கைந்து பேரின் உடலுழைப்புக்கு எவ்வளவு நன்றி சொல்ல வேண்டுமோ, அதே அளவு அந்த ஒரு சொல்லுக்கும் சொல்ல வேண்டும். இன்ஜின் காற்றை உள்ளிழுத்து, அதை அழுத்தி, எரிபொருளோடு எரிக்கிறது. நீர்மட்டம் காற்று உறிஞ்சும் குழாயை எட்டினால், காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் உள்ளே போகும். காற்றை அழுத்த முடியும். தண்ணீரை அப்படி அழுத்த முடியாது. நின்றுபோன இன்ஜினை மீண்டும் ஸ்டார்ட் செய்தால், மேலே எழும் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் மோதி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில வேளைகளில் ராடு உடைந்து இன்ஜினின் உடற்பகுதியையே பிளந்துவிடுவதும் உண்டு. அதைச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் டோ வண்டிக்குக் கொடுத்தது மிகச் சிறிய தொகை. கியரை நியூட்ரலில் வைத்துத் தள்ளுவதும், முடிந்தால் பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றிவிடுவதும், மெக்கானிக் பார்க்கும்வரை சாவியைத் தொடாமல் இருப்பதும்தான் முறை.

காப்பீட்டிலும் இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. விரிவான காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும் என்றாலும், நீர் புகுந்த இன்ஜினை இயக்க முயன்றதால் ஏற்பட்ட சேதத்தைப் பொதுவாகக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பதில்லை. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவைத் தனியாக எடுத்திருந்தால் மட்டுமே அதைக் கோர முடியும். சென்னையில் வசிப்பவர்கள் புதுப்பிக்கும்போது இந்தப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் விட்டுச் சென்ற பாடத்தால்தான், 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் ஓரமாக வரிசையாக நிறுத்தினார்கள்.

உங்களுக்கு உதவிய பிள்ளைகள் அந்தச் சுரங்கப்பாதையின் அருகிலேயே குடியிருப்பவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு மழையிலும் அவர்கள் வீட்டுக்குள்ளும் அதே தண்ணீர்தான் புகுந்திருக்கும். தங்கள் வீட்டுச் சாமான்களை உயரத்தில் ஏற்றிவைத்துவிட்டு வந்துதான் உங்கள் காரைத் தள்ளினார்களோ என்னவோ. முடிந்தால் ஒருநாள் நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். அந்தச் சுரங்கப்பாதையில் நீர் தேங்குவது பற்றி மாநகராட்சிக்கு அவர்கள் மனு எழுதினால், நீங்களும் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: என் மகள் சோழிங்கநல்லூரில் வேலை செய்கிறாள். இரவுப் பணி முடிந்து பழைய மகாபலிபுரம் சாலையில் தனியாகக் காரில் வருவாள். வழியில் வண்டி நின்றால், முன்பின் தெரியாதவர் உதவ வந்தால் மறுத்துவிடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்படச் சொல்கிறாயா அம்மா என்று அவள் கேட்கிறாள். யார் சொல்வது சரி?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது, அவளுடைய கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. உதவியை மறுப்பதா ஏற்பதா என்பதைவிட, எந்த உதவியை எந்த நிலையில் கேட்பது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வண்டி தடுமாறத் தொடங்கியதுமே, ஓடும்வரை ஓட்டி, வெளிச்சம் உள்ள பெட்ரோல் பங்க், மருத்துவமனை வாசல், திறந்திருக்கும் கடை ஆகியவற்றில் ஒன்றின் அருகே நிறுத்த வேண்டும். நான்கு சிமிட்டு விளக்குகளையும் போட்டுவிட்டு, வண்டி பாதுகாப்பான ஓரத்தில் இருந்தால் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கலாம். வேகமாக வண்டிகள் வரும் தடத்திலேயே நின்றுவிட்டால் மட்டும் இறங்கி, சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். இருக்கும் இடத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தேவைப்பட்டால் அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்கலாம். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியும் கைப்பேசியில் இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலையில் செல்லும்போது 1033 என்ற எண்ணும் உண்டு. அங்கிருந்து மீட்பு வண்டி அனுப்புவார்கள்.

யாராவது உதவ வந்தால், கண்ணாடியை இரண்டு விரற்கடை மட்டும் இறக்கி, அவரிடம் ஒரு குறிப்பிட்ட வேலையைக் கேட்கலாம். “அண்ணா, எங்க வீட்ல கிளம்பிட்டாங்க. பக்கத்துல மெக்கானிக் இருந்தா வரச் சொல்றீங்களா?” என்பது போதும். உதவும் எண்ணத்தோடு வந்தவர் இந்த எச்சரிக்கையைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவர் வீட்டிலும் பெண்கள் இருப்பார்கள். கதவைத் திறக்கச் சொல்லியோ, தம் வண்டியில் ஏறச் சொல்லியோ வற்புறுத்துபவரிடம் மறுமொழி பேசாமல் 112-ஐ அழைத்துவிட வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள்: சற்றுத் தள்ளித் தம் வண்டியை நிறுத்திக்கொண்டு, நீங்கள் வந்து சேரும்வரை அருகே வராமலே காவலாக நின்றுவிட்டுப் போகிறவர்களும் இந்தச் சாலையில் உண்டு.

கேள்வி: பெசன்ட் நகர் கடற்கரையில் வண்டி நிறுத்தும் இடத்தில், பேட்டரி இறங்கிப்போன காருக்கு என் காரிலிருந்து கேபிள் போட்டுக் கொடுக்க முடியுமா என்று ஒரு குடும்பத்தினர் கேட்டார்கள். வேறொருவர் முந்திக்கொண்டு உதவிவிட்டார். இப்படிச் செய்தால் உதவுபவரின் கார் கெட்டுவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இனி யாராவது கேட்டால் உதவலாமா?
– வாசகர், அடையாறு

பதில்: தாராளமாக உதவலாம், வரிசை தவறாமல் செய்தால். உங்கள் நண்பர்களின் அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது: நேர்மின் முனையையும் எதிர்மின் முனையையும் மாற்றி இணைத்தால் ஃப்யூஸ்கள் எரிவதோடு, ஆல்டர்னேட்டரும் காரின் கணினியும்கூடப் பழுதாகலாம். எனவே அவசரமில்லாமல் ஒவ்வொரு முனையிலும் உள்ள கூட்டல், கழித்தல் குறிகளைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். இரண்டின் இன்ஜினும் அணைந்திருக்க வேண்டும். சிவப்புக் கேபிளின் ஒரு முனையை இறங்கிப்போன பேட்டரியின் நேர்மின் முனையிலும், மறுமுனையை உங்கள் பேட்டரியின் நேர்மின் முனையிலும் மாட்டுங்கள். பிறகு கறுப்புக் கேபிளை உங்கள் பேட்டரியின் எதிர்மின் முனையில் மாட்டி, அதன் மறுமுனையை அடுத்த காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து விலகிய இடத்தில் கவ்வச் செய்யுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கலாம். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும் என்பதால்தான் இந்த விலகல். உங்கள் காரை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு அந்தக் காரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். எடுத்ததும், மாட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கேபிள்களைக் கழற்ற வேண்டும். பேட்டரி வீங்கியோ வெடித்தோ கசிந்தோ இருந்தால் கேபிள் போடவே கூடாது. உங்களுடையது ஹைபிரிட் கார் என்றால், பிற காருக்கு மின்சாரம் கொடுக்கலாமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

நலமான 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் இருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். நம் ஊர் வெயில் பேட்டரிக்குப் பகை. உள்ளிருக்கும் தகடுகள் கத்திரி வெயிலில் அரிக்கப்பட்டு, பலவீனம் மழைக்காலத்தில்தான் வெளியே தெரியும். விளக்கு, வைப்பர், ஏசி எல்லாம் ஒன்றாக ஓடும் மாலையில் அது கைவிட்டுவிடும். அந்தக் குடும்பத்தினர் போன்றவர்களிடம், வீட்டுக்குப் போகும்வரை வழியில் இன்ஜினை அணைக்க வேண்டாம், மறுநாளே பேட்டரியைப் பரிசோதியுங்கள் என்று சொல்லி அனுப்பினால் உங்கள் உதவி முழுமையாகும். நல்ல தடிமனான கேபிள் ஒன்றை, வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். கேட்பவரிடம் பெரும்பாலும் கேபிள் இருக்காது.

கேள்வி: மே மாத நண்பகலில் கத்திப்பாரா மேம்பாலத்தில் கார் சூடேறி ஆவி கிளம்பியது. தண்ணீர் லாரி ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து, ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார். அரை மணி நேரம் கழித்து அவரே மூடியைத் திறந்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். அந்தத் தண்ணீரால் காருக்குக் கெடுதல் உண்டா?
– வாசகர், ஆலந்தூர்

பதில்: அவசரத்துக்கு ஊற்றிய ஒரு குடம் தண்ணீரால் கெடுதல் இல்லை. ஆனால் அதையே வைத்து ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். குறிப்பாக, உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீராக இருந்தால் உள்ளே படிவு உண்டாகும். சூடேறியதற்குக் காரணம் கசிவா, மின்விசிறியா, தெர்மோஸ்டாட்டா என்று பார்த்துச் சரிசெய்து, கூலன்ட்டை முழுமையாக மாற்றச் சொல்லுங்கள். அவர் உங்களுக்குத் தந்ததில் தண்ணீரைவிடப் பெரியது அந்தத் தடுத்த கைதான். ரேடியேட்டருக்குள் அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் நீங்கி, அது ஆவியாகவும் கொதிநீராகவும் முகத்தில் பீறிட்டு அடிக்கும். அப்படி வெந்துபோனவர்களை அவர் தம் பணியில் பார்த்திருக்கக்கூடும்.

கேள்வி: வண்டி பழுதுக்கு உதவுவது சரி. விபத்தாக இருந்தால்? அடிபட்டவரைத் தூக்கிப் போய்ச் சேர்த்தால் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய வேண்டியிருக்கும் என்று என் கணவர் தடுக்கிறார்.
– வாசகி, பெரம்பூர்

பதில்: அந்த அச்சத்தைப் போக்கவே சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. உதவுபவர்களைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு, எந்தக் கைம்மாறும் எதிர்பாராமல், தாமாக முன்வந்து அவசர உதவி செய்தவர்மீது, அந்த உதவியில் நேர்ந்த குறைபாட்டைக் காரணம் காட்டி உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க முடியாது என்கிறது அந்தப் பிரிவு. 2020-இல் வந்த விதிகளின்படி, உதவியவரின் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்ல அவர் தாமே ஒப்புக்கொண்டால் மட்டுமே, அவருக்கு வசதியான இடத்திலும் நேரத்திலும் விசாரிக்கலாம். மருத்துவமனைகள் இந்த உரிமைகளை உள்ளூர் மொழியிலும் எழுதி வாயிலில் வைத்திருக்க வேண்டும். உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். முதலில் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அடிபட்டவரை, தீயோ வேறு ஆபத்தோ இல்லாவிட்டால், இருந்த இடத்திலிருந்து அசைக்காமல் காத்திருங்கள். முதுகெலும்பில் காயம் இருந்தால், தவறாகத் தூக்குவதே பெரும் கேடாகும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற மாநகரப் பேருந்து ஓட்டுநர். வழியில் நின்ற வண்டியைப் பார்த்தால் என்னால் கடந்து போக முடியாது. ஆனால் அண்மைக் காலமாக, நெருங்கிப் போனாலே சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். சிலர் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். மனம் வருந்துகிறது. இனி நிறுத்தாமல் போய்விடலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ஐயா, தயவுசெய்து முன்போலவே வண்டியை நிறுத்தி உதவுங்கள். அவர்கள் ஏற்றிக்கொள்ளும் கண்ணாடி உங்களை நோக்கியது அன்று. இதற்கு முன் அவர்கள் கேள்விப்பட்ட ஏதோ ஒன்றை நோக்கியது. மேலே திருவான்மியூர் வாசகிக்கு எழுதிய பதிலை நீங்களும் படித்திருப்பீர்கள். தனியாக நிற்கும் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால், அந்த எச்சரிக்கை அவளுக்குத் தேவைப்படுகிறது. அதற்கு இடம் கொடுத்தே உதவும் வழிகள் உண்டு. உங்கள் வண்டியைச் சற்று முன்னால், வெளிச்சத்தில் நிறுத்துங்கள். தலைக்கவசத்தைக் கழற்றி, முகம் தெரியும்படி, ஓட்டுநர் பக்கமாக முன்னாலிருந்து நடந்து செல்லுங்கள். பின்னாலிருந்து வந்து கண்ணாடியைத் தட்ட வேண்டாம். நான்கடி தள்ளி நின்று, “மெக்கானிக்குக்குப் போன் பண்ணட்டுமா? இல்ல, நானே பார்க்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். அவர்கள் எதுவும் சொல்லத் தயங்கினால், அருகிலுள்ள பஞ்சர் கடை எங்கே இருக்கிறது, இந்த நேரத்தில் எந்தப் பங்க் திறந்திருக்கும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். பல ஆண்டுகள் இந்த நகரத்துச் சாலைகளில் பேருந்து ஓட்டிய உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அது வேறு எவருக்கும் தெரியாது. வளைவிலோ மேம்பாலத்தின் இறக்கத்திலோ ஒரு வண்டி நின்றிருந்தால், பேச்சுக்கு முன்னால், பின்னால் வருபவர்கள் முன்கூட்டியே பார்க்கும் அளவு தள்ளி முக்கோண எச்சரிக்கைப் பலகையையோ மரக்கிளையையோ வைத்துவிடுங்கள். பேருந்து ஓட்டுநர்களுக்கு அந்த இடத்தின் ஆபத்து காரில் இருப்பவர்களைவிட முன்பே தெரியும்.